முக்கால் லிட்டர்

கத்திரி பிறந்து ஆறாம் நாள்.
விருதம்பட்டு மாடி வீடு.
சுவரில் சாய்ந்தால் முதுகுக்கு இஸ்திரி.

ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் எனக்கு.
குழம்பு, மோர், மாத்திரைக்கு ஒரு வாய்
எல்லாம் அதற்குள்.
கோமளா காலையில் அளந்துவைக்கும் பாட்டிலை
அடிக்கடி எட்டிப் பார்ப்பேன்.
பதினேழு வருடம் வீடுவீடாக
மின்சார ரீடிங் எடுத்தவன்,
எண் இறங்கிப் பார்த்துப் பழக்கமில்லை.

அன்று இரவு இரண்டு மணிக்கு
ஃபிரிட்ஜுக்குள் முகத்தை நுழைத்துக்கொண்டு
நின்றிருந்தேன்.
பார்த்துவிட்டாள். ஒன்றும் சொல்லவில்லை.
மறுநாள் ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்தாள்,
நாலாயிரம் நஷ்டத்தில்.

ஏசி மாட்ட வந்த முஸாதிக்
மேல்விஷாரத்துக்காரன்.
சுவரில் ஓட்டை போட்டபடி சொன்னான்:
"இது குளிர் தர்ற மிஷினே இல்ல சார்.
உள்ள கீற சூட்டத் தூக்கினு போயி
வெளிய கொட்டிட்டு
வெறுங்கையா திரும்பி வரும்.
மறுபடி தூக்கும். அவ்ளோதான்."

இரண்டு செம்புக் குழாய்கள்.
சுண்டுவிரல் பருமனில் ஒன்று
திரவத்தை உள்ளே கொண்டுவரும்.
அது அறைக்குள் ஆவியாகும்,
ஆவியாக அறையின் சூட்டையே தின்னும்.
கட்டைவிரல் பருமனில் மற்றது
தின்றதை வெளியே சுமந்துபோகும்.
அங்கே கம்ப்ரசர் பிடித்து நசுக்கும்,
விசிறி ஊதித் தள்ளும்,
மறுபடி திரவம்.

எனக்கு இதில் புரியாதது ஏதுமில்லை.
ஊசி ஏற்றுமுன் சிஸ்டர் ஸ்பிரிட் தடவும் இடம்
சில்லென்று ஆகுமே, அதே கதை.
ஆவியாகிப் போகிற எதுவும்
கொஞ்சம் சூட்டைப் பிடுங்கிக்கொண்டே போகிறது.
செவ்வாய், வியாழன், சனி
என் கையிலும் இரண்டு குழாய்கள்.
ஒன்று எடுத்துப் போகும், ஒன்று கொண்டுவரும்.
மற்ற நாளில் மணிக்கட்டில் காது வைத்தால்
தோலுக்கடியில் ஒரு கம்ப்ரசர் ஓடும்.

முதல் இரவு, இருபத்தாறில் வைத்துவிட்டு
தாகத்துக்காகக் காத்திருந்தேன்.
வியர்வையில்லை, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டவில்லை.
எப்போது தூங்கினேன்?
எழுப்பியது ஒரு சத்தம்.
சொட்.
சொட்.

குளிர்ந்த சொம்பு வேர்ப்பதுபோல
காற்றின் ஈரம் உள்ளே வேர்த்து
பின்பக்கக் குழாய் வழியே பக்கெட்டில் விழுகிறது.
குடிக்கக் கூடாது என்றிருந்தான் முஸாதிக்.
குடிக்கக் கூடாத தண்ணீர்
எனக்கென்ன புதிதா.
விடிந்ததும் அளந்து பார்த்தேன், நாலரை லிட்டர்.
என் கணக்கில் ஆறு நாள்.

சனிக்கிழமை
பாலாற்றுப் பாலத்தில் ஆட்டோ.
கீழே மணல்தான்.
இதற்கும் யாரோ அளவு சொல்லிவிட்டார்கள்.
எடைமேடையில் ஏறினேன்.
போன வாரம் மூன்றரை கிலோ கூடியிருந்தது,
இந்த முறை ஒன்று எண்ணூறு.
டெக்னீஷியன் இறங்கி ஏறச் சொன்னார்.
மறுபடியும் ஒன்று எண்ணூறு.

சரி, வெளியே கொட்டும் சூடு?
ஃப்ளாரன்ஸ் டீச்சர் வீட்டுப் பின்சுவருக்கு.
நடுவில் இரண்டடிச் சந்து.
மன்னிப்புக் கேட்கலாமென்று போனேன்.
எங்கள் வெளிப்பெட்டிக்கு நேராகக்
கொடி கட்டி உலர்த்தியிருந்தார்,
நான்கு புடவை, ஒரு போர்வை.
"அரை மணியில காயுது, நிறுத்திடாதீங்க."
சிரித்தேன்.
அவர் ஜன்னல் சாத்தியிருந்ததை
படியிறங்கும்போதுதான் கவனித்தேன்.

மாதம் ஒருமுறை வலையைக் கழற்றிக் கழுவுகிறேன்.
மலை உடைக்கும் தூசி,
என் நெஞ்சுக்கு வரவேண்டியது,
சாம்பல் கம்பளமாகக் கழன்று வருகிறது.

ஆனியில் ரீடிங் எடுக்க வந்தான் வடிவேலன்,
பழைய கூட்டாளி.
மீட்டரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
"சொல்லுய்யா."
"எழுநூத்திப் பத்து யூனிட்."

கோமளா அவனுக்கு
ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தாள்.
அண்ணாந்து மடமடவென்று குடித்தான்.
அவன் தொண்டை ஏறி இறங்குவதை
ரீடிங் எடுத்துக்கொண்டிருந்தேன்.